சர்வேயர் வீட்டுக் கேமராவுக்கு ஒரு பேட்டரி

மஸ்கட்டில் ஒரு லாரி கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். எந்த பேரிங் எந்த வண்டிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்பேர்ப்பட்டவன் சம்பந்தி வீட்டுக்கு ஒரே ஒரு கேமரா பேட்டரி வாங்கிக்கொண்டு போனேன். அதையும் தப்பாக வாங்கிக்கொண்டு போனேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று என் மனைவியிடம் சொன்னேன். உங்களை யார் யானை என்று சொன்னது என்று கேட்டாள்.

மகள் நித்யாவைத் தென்காசியில் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு இது ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. "மாமாவோட கேமரா பேட்டரி போயிடுச்சுப்பா. வரும்போது அங்கேருந்து ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று நம்பரையும் போனில் அனுப்பியிருந்தாள். கடையில் அதே நம்பரில், கடைசி எழுத்து மட்டும் வேறாக ஒன்று இருந்தது. எங்கள் ஸ்டோரில் கடைசி எழுத்து என்றால் பெயிண்ட் கலர். பேட்டரிக்குக் கலர் எதுவாக இருந்தால் என்ன என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை தென்காசியில் இறங்கும்போது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மஸ்கட்டில் இந்த மாதத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். இங்கே ஆட்டோக்காரர் மப்ளர் கட்டியிருந்தார். எங்கள் மன்னார்குடிப் பக்கத்து மழை கொட்டும், பிறகு விடும். இந்த ஊர் மழை கொட்டவும் இல்லை, விடவும் இல்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது, ஆனால் எப்போது நனைந்தது என்று தெரியவில்லை.

சம்பந்தி சங்கரலிங்கம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவர் வீட்டைச் 'சர்வேயர் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு எது வந்தாலும் வந்த தேதியைச் சின்னச் சின்ன எழுத்தில் அதன்மேல் எழுதிவிடுவார். டார்ச் லைட், குடை, மிக்சி எல்லாவற்றிலும் தேதி இருக்கும். என் மகள்மேல்தான் எழுதவில்லை.

"வாங்க சம்பந்தி. வண்டில தூங்குனியளா?" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். இடது கை. வலது கை தோளில் கிடந்த துண்டுக்குள் இருந்தது.

இட்லி முடிந்ததும் பெருமையாகப் பேட்டரியை எடுத்து நீட்டினேன். அவர் கேமராவின் அடிமூடியைத் திறந்து நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. திருப்பி நுழைத்தார். ஒரு நூல் தடிமன் அதிகம். நான் பார்ப்பதைப் பார்த்ததும் மூடியைச் சாத்திவிட்டு, பேட்டரியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா கனமா இருக்கு சம்பந்தி. உசந்த சாமான்."

பெண் கொடுத்தவன் கொண்டுவந்ததைச் சரியில்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்ற மரியாதை அது. அந்த மரியாதைக்குப் பதில் அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மத்தியானம் நித்யா என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். மாமாவுக்கு ஒரு வருஷமாக வலது கை நடுங்குகிறது. யாருக்கும் தெரியாது என்று நினைத்துத் துண்டுக்குள் மறைத்துக்கொள்கிறார். செல்போனில் படம் எடுத்தால் விரல் பட்ட இடமெல்லாம் எதையாவது திறக்கிறது, எடுத்த படமும் கலங்கி வருகிறது. இந்தப் பழைய கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துவாரம் உண்டு. அதைப் புருவத்தோடு அழுத்தி, முழங்கையை விலாவில் முட்டுக்கொடுத்தால் கை நின்றுவிடுகிறது. போன அக்டோபர் வரை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். பேட்டரி போனதிலிருந்து எடுப்பதில்லை.

"வளைகாப்புக்கு ஸ்டூடியோ ஆளைச் சொல்லிருவோம்னு மாமாவே சொல்லிட்டாங்கப்பா. அன்னிக்கே அத்தைகிட்ட, 'இந்தப் பிள்ளய நான் படம் எடுக்கணும்னு நினைச்சேன்'னு சொன்னது என் காதுல விழுந்துச்சு."

சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கேமராவுக்குப் பேட்டரி போட்டே தீருவது என்று அங்கேயே முடிவு செய்தேன். ஸ்டோர் கீப்பருக்கு ரோஷம் வந்தால் லேசில் அடங்காது.

புதன்கிழமை விடிந்ததும் சம்பந்தி என்னை ஐந்தருவிக்கு அழைத்துப் போனார். சீசனுக்கு வந்துவிட்டுக் குளிக்காமல் கடை கடையாக அலைவது பாவம் என்பது அவர் கட்சி. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே பாட்டிலைக் கவிழ்த்தார். பாதி எண்ணெய் தரையில் போயிற்று. "வழுக்குது" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தண்ணீருக்குள் போனபோதுதான் ஒன்று புரிந்தது. அருவி அடித்த அடியில் என் கை, தோள், தாடை எல்லாமே ஆடின. சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் அப்படித்தான். யார் கை தானாக ஆடுகிறது, யார் கை தண்ணீரில் ஆடுகிறது என்று எவராலும் சொல்ல முடியாது. கம்பியைப் பிடித்தபடி சம்பந்தி கண்ணை மூடி நின்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியே வரச் சொன்ன பிறகும் அவர் வர மனமில்லாமல் நின்றார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

வரும் வழியில் மங்குஸ்தான் வாங்கி, பஸ்ஸில் உரித்துக்கொண்டே வந்தோம். ஈரத் துண்டோடு ஏறிய கூட்டத்தால் பஸ் முழுக்கத் தண்ணீர். சீட்டில் உட்கார்ந்தவர்களும் நனைந்தோம், நின்றவர்களும் நனைந்தோம். கண்டக்டர் மட்டும் டிக்கெட் கட்டைப் பாலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு கம்பீரமாக நடந்தார்.

பத்து மணிக்குமேல் பழைய பேட்டரியை மாதிரிக்குச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கேமரா தோளில் தொங்கியது. முதல் ஸ்டூடியோக்காரர் பழையதைப் பார்க்கவே இல்லை. "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்று ஒன்றை எடுத்துப் போட்டார். அழகாக உள்ளே போயிற்று. கேமராவை அழுத்தினால் திரையில் ஒரு வரி வந்தது: இதற்குரிய பேட்டரியை மட்டும் பயன்படுத்தவும். அடுத்த நிமிஷம் அணைந்துவிட்டது. உருவம் ஒன்றாக இருந்தால் போதாது, உள்ளே இருக்கும் சின்ன சிப் பேசுவதைக் கேமரா ஒத்துக்கொள்ளவும் வேண்டும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளை பார்ப்பது மாதிரிதான் என்று நினைத்தேன். இந்த ஊரில் அந்த உவமையை வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டாவது கடையில் காட்டிய பேட்டரியில், பழையதைப்போல இரண்டு மடங்கு தாங்கும் என்று போட்டிருந்தது. கையில் வாங்கியதுமே எனக்குச் சந்தேகம். பழையதைவிட எடை குறைவு. இரண்டு மடங்கு சரக்கு இருக்கிறது என்கிற டப்பா எப்படி லேசாக இருக்கும்? எடை பார்த்துப் போலிச் சாமானைப் பிடிப்பது எங்கள் தொழிலில் பாலபாடம். திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் கோபிக்கவில்லை. "செங்கோட்டையில பாருங்க அண்ணாச்சி. கேரளாச் சரக்கு அங்கன வந்து எறங்கும்" என்றார்.

வியாழக்கிழமை செங்கோட்டைக்குப் போகிறேன் பேர்வழி என்று கிளம்பி, குற்றாலம் சுற்றிப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அருவிக் கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை. பக்கத்துச் சீட்டில் பலாச்சுளைப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "எலஞ்சி வழியா போயிருந்தா இந்நேரம் போயிட்டுத் திரும்பியிருப்பிய" என்று சொல்லி, துக்கம் விசாரிப்பவர்போல இரண்டு சுளை கொடுத்தார். சுளை தேன். நடுவில் ஒரு குரங்கு ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அந்த அம்மாளின் பையை இழுத்தது. பஸ்ஸே சேர்ந்து கத்தி அதை விரட்டியது. எனக்கு அவசரம் இருந்தும் சிரித்துவிட்டேன்.

செங்கோட்டையில் ஒரு கடையில் சரியான நம்பர், சரியான கடைசி எழுத்து. கடைக்காரர் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக, "ஒரே பீஸ்தான் உண்டு" என்றார். மேஜைமேல் வைத்து ஒரு விரலால் சுண்டிப் பார்த்தேன். பம்பரம்போலச் சுற்றியது. நல்ல பேட்டரி தட்டையாகப் படுத்துக்கிடக்கும்; இது வயிறு வீங்கி நின்றது. எத்தனை வருஷம் அலமாரியில் கிடந்ததோ. வேண்டாம் என்று வைத்துவிட்டு, மனக்கசப்பு தீர எல்லைப் பக்கத்துக் கடை ஒன்றில் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டேன். சம்பந்தி வீட்டில் சைவம். நான் அப்படியில்லை. துக்கத்திலும் பரோட்டா நன்றாகத்தான் இருந்தது.

தென்காசிக்குத் திரும்பும்போது மணி மூன்று. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சிறிய செல்போன் சர்வீஸ் கடை. உள்ளே முப்பது வயதுக்குள் ஒரு பெண், நெற்றியில் லென்ஸ் மாட்டிக்கொண்டு, ஒரு போனின் சார்ஜ் துவாரத்திலிருந்து ஊசியால் எதையோ நெம்பிக்கொண்டிருந்தார். வெளியே வந்தது ஒரு அரிசி.

"அருவில விழுந்த போனை அரிசிப் பானைக்குள்ள போட்டு வைக்காக சார். தண்ணி போகுதோ இல்லியோ, அரிசி உள்ள போயிருது. சீசன் வந்தா எனக்கும் சீசன்தான். சொல்லுங்க, உங்களுக்கு என்ன?"

அவர் பெயர் இசக்கி. நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள், வேறு யாரும் கேட்காததைக் கேட்டார்.

"பழைய பேட்டரி எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளாக என்னோடு ஊர் சுற்றியது அது. லென்ஸை இறக்கி உலோகப் பற்கள் இருக்கும் பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பை அடக்கியபடி நிமிர்ந்தார்.

"சார், வீட்ல இதுக்குப் பூசை போட்டியளா?"

எனக்கு விளங்கவில்லை. லென்ஸை என் கண்ணில் வைத்துக் காட்டினார். பள்ளமாக இருக்கும் மூன்று உலோகப் பற்களிலும் மஞ்சள் பழுப்பாக ஏதோ காய்ந்து கெட்டித்திருந்தது. நிறமும் கிட்டத்தட்ட அந்த உலோக நிறம்தான், வெறுங்கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

"சந்தனம். ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சிருக்காக. இந்தப் பல்லு பளபளன்னு இருக்குல்லா, அதான் மொகம்னு நினைச்சு, பாத்துப் பாத்து வச்சிருக்காக. கரண்டு எப்படிப் போகும்? தையல் மெசின் மோட்டாரு, எடை மெசினு, எல்லாம் இந்தக் கொடுமைக்கு எங்கிட்ட வரும்."

மல்டிமீட்டரின் கூர்முனையால் சந்தனத்தைக் கீறித் தொட்டார். எண் ஏறியது. "உசிரு இருக்கு" என்றார். ஸ்பிரிட்டில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, தன் சார்ஜரில் சொருகினார். சிவப்பு விளக்கு மினுங்காமல் நின்று எரிந்தது. அது ஏறும் நேரத்தில் எனக்குப் பாடம் நடந்தது.

"வோல்ட் ஒண்ணா இருக்கணும். நடுப் பல்லு சும்மா இல்ல சார், சூடு எவ்வளவுன்னு அதுதான் கேமராவுக்குச் சொல்லுது, அது வேலை செய்யணும். எவ்வளவு தாங்கும்னு பெருசாப் போட்டிருந்தா நம்பப்பிடாது. கேமராவைக் கொண்டு வந்து போட்டுப் பாக்காம வாங்கவே கூடாது." சொல்லிக்கொண்டே ஒரு டப்பாவிலிருந்து ஸ்பேர் ஒன்றை எடுத்து என் கேமராவில் போட்டு, அணைத்து, திறந்து, மூன்று முறை பார்த்தார். கேமரா ஒத்துக்கொண்டது. "இதையும் வச்சுக்கிடுங்க. ஒண்ண நம்பி விசேஷத்துக்கு நிக்கக்கூடாது."

பிறகு பழையதைப் போட்டார். லென்ஸ் மெல்ல வெளியே நீண்டது. திரையில் கடைசியாக எடுத்த படம் நின்றது. பூஜைக்கு வரிசையாக வைத்த அரிவாள்மணை, நில அளவை டேப், கத்தரிக்கோல், அவற்றின்மேல் செவ்வந்திப் பூ. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு இதழ்கூட ஆடாமல் இருந்தது. அந்தப் படம் எடுத்தபோதும் அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்மா" என்று இசக்கியைக் கும்பிட்டேன். அதற்குள் அவர் அடுத்த போனிலிருந்து அரிசி எடுக்கப் போய்விட்டார்.

ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு சந்தோஷம் வடிந்து கவலை வந்தது. பூஜைப் படம் எடுத்துவிட்டுச் சார்ஜ் போடக் கழற்றி வைத்த பேட்டரிக்குப் பொட்டு வைத்தது யார்? சம்பந்தி அம்மாள் கோமதியைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அவர் பம்ப் செட்டுக்கும் பொட்டு வைப்பார், கேட் பூட்டுக்கும் வைப்பார். மாப்பிள்ளையைப் பெற்றவரைப் பார்த்து, ஒன்பது மாதமாக உங்கள் வீட்டுக்காரர் முடங்கிக் கிடந்தது உங்கள் கையால்தான் என்று பெண்ணைப் பெற்றவன் சொல்வானா? வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

வீட்டில் சம்பந்தி அம்மாள் மறுநாளைக்கு உளுந்து நனைத்துக்கொண்டிருந்தார். முன்னறையில் சம்பந்தியிடம் கேமராவைக் கொடுத்து, "புது பேட்டரி கிடைச்சிடுச்சு. பழசும் ஓடுது" என்றேன், சாதாரணமாக. அவர் பழையதை வெளியே எடுத்தார். தன் கையெழுத்தில் இருந்த தேதியைப் படித்தார். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பற்களைப் பார்த்தார். ஒரு மூலையில் இசக்கியின் பிரஷ்ஷுக்குத் தப்பிய ஒரு மஞ்சள் துணுக்கு இருந்திருக்க வேண்டும். நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தார். அளந்து பழகிய மனிதரிடம் எதை மறைக்க முடியும்?

சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"அவகிட்ட சொல்லிராதிய சம்பந்தி. அடுத்த வருசம் பொட்டு வைக்கக் கை கூசும் அவளுக்கு."

சொல்ல மாட்டேன் என்றேன். அவர் பேட்டரியைக் கேமரா பக்கத்தில் வைத்தார். பிறகு துண்டுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து என் முன்னால் நீட்டினார். அது ஆடிக்கொண்டிருந்தது.

"இது ஆட ஆரம்பிச்சது. அது நின்னு போச்சு. ரெண்டையும் சேத்து, சரி, நம்ம சோலி முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன். பொழுது போகல சம்பந்தி, ஒம்பது மாசமா." குரல் இறங்கியது. "இதையும் வீட்ல சொல்லிராதிய. யாருக்கும் தெரியாது."

அதற்கும் சரி என்றேன். என் மகளுக்குத் தெரியும் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஒரே சாயங்காலத்தில் ஒரு வீட்டின் இரண்டு ரகசியங்களுக்கு நான் காவல்காரனாகிவிட்டேன். ஸ்டோர் சாவியைவிட இது கனமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை என் மனைவி மன்னார்குடியிலிருந்து சீர்த் தட்டுகளோடும் சொந்தக்காரர்களோடும் வந்து சேர்ந்தாள். கூடம் நிறையப் பெண்கள். நடுவில் மணைமேல் நித்யா, பச்சைப் பட்டுப் புடவையில், கன்னத்தில் சந்தனமும் நெற்றியில் குங்குமமுமாக. ஒவ்வொருவராக வந்து வளையல் அடுக்க அடுக்க அவள் இரண்டு கைகளும் முழங்கை வரை நிறைந்துவிட்டன. கண்ணாடி வளையல் சத்தம், சிரிப்பு, பாட்டு, யார் முதலில் அடுக்குவது என்ற வழக்கு. நான் ஆண்களோடு வாசற்படியில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஆளுக்கொரு செல்போன் தூக்கியிருந்தார்கள்.

சம்பந்தி கூடத்துக்குள் வந்தார். புதுப் பேட்டரி கேமராவில், பழையது சட்டைப் பையில். நித்யாவுக்கு எதிரே நின்று கேமராவைப் புருவத்தோடு சேர்த்தார். முழங்கையை விலாவில் ஊன்றினார். அன்றைக்கு அவருக்குப் பதற்றம் அதிகம், நடுக்கமும் அதிகம். கேமரா ஆடியது. இறக்கினார். மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி தூக்கினார். மறுபடியும் ஆடியது. மறுபடி அவர் இறக்கினால் அதற்குமேல் தூக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது கோமதி அம்மாள் அவர் பக்கம் திரும்பாமலேயே, இடது கை வளையல்களை வலது கையால் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துத் தன் வளையலைப் பொத்தினார். அவரைப் பார்த்து அடுத்தவர். பாட்டு பாதியில் நின்றது. செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நித்யா நிறைந்த கைகளை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்தாள். அவர் கை நடுங்குவது தெரியாதவர் என்று அந்தக் கூடத்தில் ஒருவர்கூட இல்லை. அத்தனை பெண்கள் இருந்த இடத்தில் ஒரு கண்ணாடி வளையல்கூட ஒலிக்கவில்லை. வெளியே சாரல் ஓட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதியில் அவர் கை நின்றது. கேமரா 'டிக்' என்றது.

கேமராவை இறக்கி அவர் எல்லாரையும் பார்த்தார். எல்லாரும் இன்னும் வளையலைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆயிற்று, கண் நிறைந்தது. கேமராவோடு அவர் அங்கேயே நிற்க, கோமதி அம்மாள் தலையைத் திருப்பாமல், நித்யாவின் முந்தானையைச் சரிசெய்வதுபோல ஒரு கையை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"இன்னும் எத்தன வேணும்னாலும் எடுங்க. நாங்க அசைய மாட்டோம்."